சாமியாடியும் கோயில்காடும் மியூசியத்துக்கா? கறார்பாண்டிக்கு ஒரு பதில்

நத்தத்துக்காரன்:
நேத்து ‘தூக்கம் வரலைன்னா என்ன பண்றது’ இழையில ஒருத்தர், ஊருக்குப் போய், உடுக்கை அடிச்சுக் குறி சொல்ற கோடாங்கியைப் பார்த்துட்டு வந்ததும் மனசு லேசாச்சுன்னு எழுதியிருந்தாரு. அதுக்கு நம்ம கறார்பாண்டி போட்ட பதில்: “கோடாங்கி, சாமியாடி, கோயில்காடு எல்லாத்தையும் மியூசியத்துல வைங்க. போன்லயே டாக்டர் வர்ற காலம் இது.”

அண்ணே, எங்க நத்தம் தாலுகாவுல காசம்பட்டி வீரகோவில் காடு இருக்கு. 4.97 ஹெக்டேர். 2025ல அரசாங்கமே அதைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம்னு அறிவிச்சது. 2022ல மதுரைப் பக்கம் அரிட்டாபட்டிக்கு அந்தப் பேரு கிடைச்சுது, அதுக்கடுத்து தமிழ்நாட்டுலயே இதுதான். அரசாணை வர்ற வரைக்கும் அந்த மரத்தையெல்லாம் காப்பாத்துனது யாரு, உங்க போன் டாக்டரா? ஒரு சுள்ளி ஒடிக்கக்கூட எங்காளுக பயப்படுவாங்க.

அறிவியல்தான் வேணும்னா அதுவும் இருக்கு. 2002ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரி டாக்டருங்க வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயில்ல தங்கியிருந்த 31 மனநோயாளிகளைப் பார்த்தாங்க. மாத்திரை கிடையாது, ஷாக் கிடையாது. நோய்க்குறி மதிப்பெண் ஏறக்குறைய 20 சதவீதம் இறங்குச்சு. மருந்தால வர்ற முன்னேற்றத்துக்கு இது ஈடுன்னு அவங்களே எழுதியிருக்காங்க. நான் சொல்லலை.

கறார்பாண்டி:
31 பேர். எங்க தெரு பால் பூத் வரிசையிலயே அதைவிட அதிகம். கோயிலுக்குப் போகாத 31 பேரை வச்சு ஒப்பிட்டாங்களா? ஒப்பீட்டுக் குழு எங்கே?

இன்னொரு எண் நான் தர்றேன். 28. தர்கா இருக்குற ஏர்வாடி, 2001 ஆகஸ்ட் 6. சங்கிலியில கட்டிப்போட்ட மனநோயாளிகள் தீயில வெந்து செத்தாங்க. சாமி குணமாக்கும்னு நம்பிக் கொண்டுவந்து விட்டவங்கதான் அத்தனை பேரும்.

நத்தத்துக்காரன்:
வந்துட்டாருய்யா ஏர்வாடியைத் தூக்கிக்கிட்டு. தீப்பிடிச்சது தர்காவே இல்லை. பக்கத்துல தனியார் நடத்துன காப்பகம். கோடாங்கியா சங்கிலி போட்டான்? காசு வாங்கினவன் போட்டான். நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. 20 சதவீதம் இறங்குச்சா இல்லையா?

கறார்பாண்டி:
ஒப்பீட்டுக் குழு எங்கே?

சங்கத்தமிழ்ச்சேரன்:
முருகன் பூசாரியான வேலன் சாமி வந்து ஆடுற வெறியாட்டு தெரியாத கூட்டம் இது. ஈராயிரம் வருஷத்துக்கு முன்னாடியே மலைக்காட்டுல கழங்கு உருட்டிக் குறி பார்த்து, வேலைக் கையில ஏந்தி, முருகு ஏறி ஆடினவன் தமிழன். சைபீரியாவுல மேளம் அடிச்சு ஆவியோட பேசுற ஷாமனுக்கு மட்டும் ஆராய்ச்சி, பட்டம். நமக்கு மூடநம்பிக்கைன்னு பேரு.

கறார்பாண்டி:
சேரன் ஐயா, வெறியாட்டு வர்ற சங்கப் பாட்டை முழுசாப் படிச்சீங்களா? பொண்ணுக்கு வந்தது காதல் நோய். அம்மாக்காரி வேலனைக் கூப்பிட்டு ஆட விடுறா. தோழிக்குச் சிரிப்பு. நற்றிணை 34ல, நீ கடவுளாவே இருந்தாலும் இரு, விவரமில்லாதவன்தான்னு முருகனையே வாரிவிடுறா. நோய் என்னன்னே தெரியாம வைத்தியம் பார்க்குறதைச் சங்கத்துப் பொண்ணுங்களே கிண்டல் பண்ணியாச்சு. நான் புதுசா எதுவும் சொல்லலை.

சங்கத்தமிழ்ச்சேரன்:
அகத்துறையின் நயம் உங்களுக்குப் புரியாது. போன வருஷம் ஜல்லிக்கட்டு இழையிலயும் இப்படித்தான் ஓடினீங்க.

கறார்பாண்டி:
யாரு ஓடினது? இழையைப் பூட்டிட்டாங்க.

வார்டு_பன்னிரண்டு:
நான் மனநலப் பிரிவுல நர்ஸ். அந்தக் கட்டுரையை ரெண்டு பேருமே படிக்கலைன்னு தெரியுது. அந்தக் கோயில்ல உடுக்கையும் இல்லை, சாமியாட்டமும் இல்லை. காலையில சின்னதா ஒரு பூசை. மிச்ச நேரம் கூட்டுறது, செடிக்குத் தண்ணி ஊத்துறதுன்னு லேசான வேலை. வீட்டு ஆளு ஒருத்தர் துணைக்கு இருப்பாங்க. யாரும் மிரட்டாத, அடிக்காத இடம், அதான் காரணமா இருக்கும்னு எழுதியிருக்காங்க. 31ல 23 பேருக்கு ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய். மதிப்பெண் 20 சதவீதம் இறங்கினா குணமாயிட்டாங்கன்னு அர்த்தம் இல்லை. தயவுசெஞ்சு இதைப் படிச்சுட்டு யாரும் மாத்திரையை நிறுத்திடாதீங்க. ஏர்வாடியிலேயே இப்ப தர்கா பக்கத்துல அரசு மனநல டாக்டர் பார்க்குறாங்க. துஆங்கிற வேண்டுதலும் நடக்குது, மருந்தும் நடக்குது.

நத்தத்துக்காரன்:
பார்த்தீங்களா, நர்ஸம்மாவே சொல்லிட்டாங்க. 20 சதவீதம்.

வார்டு_பன்னிரண்டு:
நான் அதைச் சொல்லலைங்க.

கிள்ளான்_மாலதி:
மலேசியாவிலிருந்து ஒரு கேள்வி. நத்தம் அண்ணா, காடு காடுன்னு உருகுறீங்களே, உங்க ஊருப் பக்கத்துக் கோயில்காட்டுக்குள்ள பொம்பளைங்க போகலாமா? எங்க பாட்டி ஊர்க் காட்டுல எல்லைக்கல்லோட நின்னுடணும். உள்ள பொங்குறது, திங்குறது எல்லாம் ஆம்பளைங்கதான். அந்தப் பூமிக்குப் பேரு மட்டும் தாயாம்.

நத்தத்துக்காரன்:
அது ஐதீகம்மா. ஊருக்கு ஊரு மாறும். அதை இங்க இழுத்தா பேச்சு திசை மாறிடும்.

கிள்ளான்_மாலதி:
யாரு உள்ள போகலாம்னு கேட்டா மட்டும் திசை மாறிடுமா? எந்தச் சாதிக்காரர் சாமியாடலாம், எந்தத் தெருக்காரர் வெளியே நின்னு விபூதி வாங்கணும்னும் கேட்கலாம்னு இருந்தேன்.

நத்தத்துக்காரன்:
வெளிநாட்டுல உட்கார்ந்துக்கிட்டு எங்க ஊரைக் குறை சொல்றது சுலபம். சட்டம் போட்டே எங்களை அசைக்க முடியலை. 2003ல கோயில்ல ஆடு கோழி வெட்டக்கூடாதுன்னு அரசாங்கத்துல 1950ஆம் வருஷச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தாங்க. 2004ல அவங்களே ரத்து பண்ணாங்க. கருப்பன்கிட்ட யாரு ஜெயிச்சா?

கறார்பாண்டி:
2004 என்ன வருஷம்னு யோசிச்சுப் பாருங்க. எம்பி தேர்தல். கருப்பன் எங்க வந்தாரு அதுல? ஒப்பீட்டுக் குழு கேட்டேன், இன்னும் வரலை.

மலைக்காற்று:
வணக்கம் நண்பர்களே. ரெண்டு தரப்புக்கும் நடுவுல ஒரு பாதை இருக்கு. கொடைக்கானல்ல வார இறுதி ஷாமனிக் டிரம் பயணம் நடத்துறோம். மதம் இல்லை, சாதி இல்லை, பலி இல்லை. பூமியோட உங்க இதயத்துடிப்பை இணைக்கலாம். விவரத்துக்குத் தனிச்செய்தி அனுப்பவும்.

நத்தத்துக்காரன்:
எவ்வளவு ரேட்டு?

மலைக்காற்று:
தங்குமிடம், சைவ உணவு உட்பட பதினெட்டாயிரம்.

நத்தத்துக்காரன்:
எங்க கோடாங்கி வெத்தலை பாக்கும் நூத்தியோரு ரூவாயும் வாங்கிட்டு ராத்திரி பூரா உடுக்கை அடிப்பாரு. அடிக்கிற ஆளுக்கு நம்ம குலதெய்வம் எது, பாட்டனுக்கு என்ன ஆச்சு, எந்தப் பங்காளி பேசுறதில்லை எல்லாம் தெரியும். அவர் அடிச்சா மூடநம்பிக்கை, நீங்க பாய் விரிச்சு அடிச்சா ஹீலிங். ஒரு ஊரும் இல்லாத சாமி எப்படிய்யா இறங்கும்?

கறார்பாண்டி:
முதல் தடவையா நத்தத்தாரோட பாதி ஒத்துப்போறேன். ரெண்டும் ஒண்ணுதான். பின்னதுக்கு ஜிஎஸ்டி உண்டு.

நத்தத்துக்காரன்:
உங்க பாதி எனக்கு வேணாம். இவ்வளவு பேசுறீங்களே, உங்க பையனுக்குக் குலதெய்வம் கோயில்ல மொட்டை போட்டுக் காது குத்துன படத்தை நீங்கதானே ‘குடும்ப விசேஷம்’ பகுதியில போட்டீங்க? பின்னாடி ஒரு சாமியாடி அரிவாளோட நிக்கிறாரு. அவர் கையால நீங்க விபூதி வாங்குறீங்க. மியூசியமா அது?

கறார்பாண்டி:
அது மாமனார் வீட்டு ஏற்பாடு.

கிள்ளான்_மாலதி:
எல்லா வீட்டுலயும் பகுத்தறிவு மாமனார் வாசல் வரைக்கும்தான் போல.

கறார்பாண்டி:
குடும்பத்தை இழுக்குறது நாகரிகம் இல்லை. 31 பேரை வச்சு உலகத்தையே நிரூபிச்ச கூட்டத்துக்குப் படத்துல விபூதி வாங்குறதுதான் ஆதாரம். இன்னும் எத்தனை தடவை கேட்கணும்? ஒப்பீட்டுக் குழு?

நத்தத்துக்காரன்:
இருக்கு. படத்துல நீங்க நிக்கிறீங்க, உங்க மாமனார் நிக்கிறாரு. ஒப்பிட்டுக்குங்க.

வார்டு_பன்னிரண்டு:
முதல்ல தூக்கம் வரலைன்னு கேட்டாரே, அவருக்கு யாராவது பதில் சொன்னீங்களா?

சங்கத்தமிழ்ச்சேரன்:
நற்றிணை 34க்கு என் விளக்கம் நீளமானது. தனி இழையா நாளைக்குப் போடுறேன். பாண்டி அங்க வர வேண்டாம்.

நெறியாளர்:
கறார்பாண்டி வீட்டு விசேஷப் படத்தை மறுபடி எடுத்துப் போட்டவர் நீக்கிடவும். விளம்பரப் பதிவுக்கு எச்சரிக்கை கொடுத்தாச்சு.

நத்தத்துக்காரன்:
படத்தை நான் போடலை, இருக்குன்னுதான் சொன்னேன். ஆனா அதுல அவர் கண்ணை மூடிக் கும்பிட்டதை மட்டும் யாரும் மறந்துடாதீங்க. அந்த 20 சதவீதத்துக்கும் இன்னும் பதில் வரலை.