பத்து நிமிட இடைவேளைக்கு ஏற்ற சுடும் விளையாட்டுகள் எவை?

மதியவேளை எழுதியது:
உணவு இடைவேளையில் மடிக்கணினியில் விளையாட எனக்குப் பத்து நிமிடங்களே கிடைக்கின்றன. தொடங்கிய நொடியிலேயே சூடுபிடித்து, எழுந்து செல்லும்போது பாதியில் விட்ட உணர்வைத் தராத ஆர்கேட் பாணி விளையாட்டுகளைப் பரிந்துரைக்க வேண்டுகிறேன். கேம்பேட் (இரு ஸ்டிக்குகள் கொண்ட கைக்கருவி) உள்ளது.

செவ்வகன்:
'ஜியாமெட்ரி வார்ஸ் 3: டைமென்ஷன்ஸ்' (2014) வாங்குங்கள், அதன் சாகசப் பகுதியை விட்டுவிட்டு நேராகக் கிளாசிக் முறைகளுக்குச் செல்லுங்கள். 'டெட்லைன்' முறையில் எத்தனை முறை இறந்தாலும் ஆட்டம் தொடரும். மூன்று நிமிடம் முடிந்ததும் நின்றுவிடும். இடது ஸ்டிக்கால் நகர்ந்துகொண்டே வலது ஸ்டிக்கால் வேறு திசையில் சுடும் இந்தப் பாணியை, 1982இல் வில்லியம்ஸ் வெளியிட்ட 'ரோபோட்ரான்: 2084' விளையாட்டின் மூலம் யூஜின் ஜார்விஸும் லாரி டிமாரும் புகழ்பெறச் செய்தனர். அழிந்த எதிரிகள் விட்டுச்செல்லும் பச்சைச் சில்லுகளைப் பொறுக்கினால்தான் புள்ளிப் பெருக்கம் (ஒவ்வோர் எதிரிக்கும் கிடைக்கும் புள்ளியைப் பெருக்கும் எண்) உயரும் என்பதால், மூலையில் பதுங்கிச் சுடுபவருக்கு இங்கே மதிப்பெண் சேராது. 'பாசிஃபிசம்' முறையில் சுடவே இயலாது. களத்தில் மிதக்கும் வாயில்களுக்குள் புகுந்து அவற்றை வெடிக்கச் செய்தே துரத்துபவர்களை ஒழிக்க வேண்டும். எனக்கு அதுவே மேலும் பிடித்தது.

மண்டையோடு:
'டெவில் டேகர்ஸ்' (2016) விளையாட்டையும் பாருங்கள். இருளுக்கு நடுவே ஒரே ஒரு களம், பறந்து வரும் மண்டையோடுகள், ஒருமுறை பட்டாலே சாவு; எத்தனை நொடி தாக்குப்பிடித்தீர்கள் என்பதே மதிப்பெண். புதியவர்களின் ஆட்டம் பெரும்பாலும் ஒரு நிமிடத்தைத் தாண்டுவதில்லை. மறுதொடக்கத்துக்குக் காத்திருப்பும் இல்லை. பின்னால் வருவதை ஒலியைக் கொண்டே அறிய வேண்டியிருப்பதால் ஹெட்போன் கட்டாயம்.

பழைய கன்சோல்:
'டெவில் டேகர்ஸ்' சிறந்த விளையாட்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் காத்திருப்பின்றி மீண்டும் தொடங்கும் அந்த வசதியே இடைவேளையை விழுங்கிவிடும். சாவில் முடியும் ஆட்டம் 'இன்னும் ஒரு முறை' என்று இழுக்கும். கடிகாரத்தில் முடியும் ஆட்டத்தில் நேரம் எவ்வளவு ஆகும் என்பது முன்கூட்டியே தெரியும். 1980களில் ஹட்சன் என்ற விளையாட்டு நிறுவனம் ஜப்பானில் ஊர் ஊராக நடத்திய கேரவன் போட்டிகளின் அடிப்படையே இந்த நேர வரம்புதான். அந்த மரபில் பிசி என்ஜின் கன்சோலுக்கு வந்த 'சூப்பர் ஸ்டார் சோல்ஜர்' (1990), 'சோல்ஜர் பிளேட்' (1992) ஆகிய இரண்டிலும் முழு ஆட்டத்துக்கு அப்பால் இரண்டு நிமிட, ஐந்து நிமிட முறைகள் தனியே உண்டு. எதிரிகள் வரும் ஒழுங்கு மனதில் பதியப் பதிய, எங்கே ஒரு நொடியை மிச்சப்படுத்தலாம் என்பதே விளையாட்டாகிவிடுகிறது. அந்தக் கன்சோலின் சிறிய மறுபதிப்பான பிசி என்ஜின் மினி கருவியில் இவ்விரண்டும் இடம்பெற்றுள்ளன.

மதியவேளை:
அனைவருக்கும் நன்றி. சக ஊழியர்கள் அழைத்தால் காதில் விழ வேண்டும் என்பதால் ஹெட்போன் எனக்கு ஒத்துவராது. 'டெட்லைன்' முறையில் தொடங்குகிறேன். புதியவர் அதில் முதலில் கவனிக்க வேண்டியது எது?

செவ்வகன்:
உயிர் போவதைப் பற்றிக் கவலைப்படாமல், முதல் நிமிடத்தில் பச்சைச் சில்லுகளையே துரத்துங்கள். பெருக்கம் உயர்ந்த பிறகு வீழ்த்தும் ஒவ்வோர் எதிரிக்கும் புள்ளிகள் மிகுதியாகக் கிடைக்கும்.