குளுக்கோமாவுக்கான ட்ராப் ஆபரேஷனுக்குப் பிறகு கண் பிரஷர் ஏறியவர்கள் இருக்கிறீர்களா?

நெல்லைக்காரி:
அம்மாவுக்கு வலது கண்ணில் ட்ராபெகுலெக்டமி (ட்ராப்), கண்ணுக்குள் தேங்கும் நீர் வடிய வெள்ளைவிழியில் புது வழி போடும் ஆபரேஷன். மூன்று சொட்டு மருந்துக்கும் அடங்காத குளுக்கோமா, கண் நரம்பைக் கெடுக்கும் நோய். கசக்காதே, தொடாதே என்று வீடே காவல் இருந்தது. செக்கப்பில் பார்த்தால் பிரஷர் 28. டாக்டர் அம்மாவை மேலே பார்க்கச் சொல்லி, கீழிமை மேல் விரலை வைத்து ஓர் அழுத்து அழுத்தினார். மேலிமைக்கு அடியில், வடிந்த நீர் சேரும் கொப்புளம் என் கண் முன்னாலேயே உப்பி வந்தது. திரும்ப அளந்தால் 15! அப்புறம் லேசரில் ஒரு தையலையும் வெட்டினார்கள். தொடவே கூடாத கண்ணை அவரே அழுத்தியது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

காவிரிக்கரை:
தையலை வேண்டுமென்றேதான் கொஞ்சம் இறுக்கிப் போடுவார்கள்; அதனால்தான் பிறகு டாக்டரே அழுத்தியும் தையலை வெட்டியும் நீரை வடியவிடுகிறார். முதல் நாளே நீர் தாராளமாக வடிந்தால் கண் தளர்ந்துபோகும், அது இதைவிடத் தொல்லை. எனக்குத் தழும்பைத் தடுக்கும் மைட்டோமைசின் மருந்து வைத்தும் தழும்பேறி வழி அடைத்துக்கொண்டது. பிறகு நீரை வடிக்க ஆரோலேப் ட்யூப் வைத்தார்கள், மதுரையில் தயாராவது. அகமது என்ற இன்னொரு வகை ட்யூபில் இருக்கிற, நீரை அளவாக விடும் வால்வு இதில் கிடையாது. அதனால் முதலில் நீர் தாராளமாக வடியாமல் இருக்க, ட்யூபைக் கரையும் நூலால் கட்டிவிடுவார்கள். நூல் கரைய ஐந்தாறு வாரம் ஆகும், அதுவரை பழைய சொட்டு மருந்தேதான். ஒரு சாயங்காலம் பேப்பர் படிக்கும்போது எழுத்தெல்லாம் கலங்கியது. பதறி ஓடினால், நூல் விட்டு பிரஷர் 6-க்கு இறங்கியிருக்கிறது. அப்புறம் மெல்ல ஏறி 12-ல் நின்றது.

மாடிவீடு:
எதற்கு இவ்வளவு கத்தி? எங்கள் மாமாவுக்கு லேசரிலேயே சரியாகிவிட்டது.

பழையபேட்டை:
மாடிவீடு, எந்த லேசர்? கண்ணுக்குள் நீர் வடியும் கோணம் அடைத்த வகைக்கு ஐரிஸில் (கண்மணியைச் சுற்றியுள்ள நிறத்திரையில்) துளை போடுவது ஒன்று. திறந்த கோணத்துக்கு எஸ்.எல்.டி., நீர் வடியும் வலைத்திசுவில் போடும் லேசர், அது வேறு. அதன் பலன் சில வருடத்தில் குறையலாம், எனவே செக்கப்பை விடக் கூடாது. என் அப்பாவுக்கும் ட்ராப்தான், நன்றாக இருக்கிறார். ஆனால் நெல்லைக்காரி, ஒன்று சொல்கிறேன். வருடங்கள் கழித்தும் அந்தக் கொப்புளம் வழியாகக் கிருமி நுழையலாம். கண் சிவந்து, வலித்து, பீளை தள்ளினால் அன்றைக்கே ஓடுங்கள்; மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றிக்கொண்டு இருக்காதீர்கள். நீச்சல் வேண்டாம். அம்மாவின் உடன்பிறந்தவர்களும், நீங்களும்கூட, நரம்பைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பிரஷர் சாதாரணமாக இருந்தாலும் நரம்பு கெடலாம்.

மாடிவீடு:
எந்த லேசர் என்று அத்தையிடம் கேட்டுவிட்டு வருகிறேன்.