மறு: நான்-பாயிண்ட் சோர்ஸ் மாசு – தமிழில் என்ன சொல்லலாம்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

'நான்-பாயிண்ட் சோர்ஸ் பொல்யூஷன்' என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த மடல் இழை நீண்டுகொண்டே போகிறது. புள்ளியிலா மூல மாசு, பன்மூல மாசு, பரவல் மாசு, வழிந்தோடு மாசு, ஊற்றறியா மாசு என்று பல சொற்கள் வந்துவிட்டன. நானும் ஒன்று தருகிறேன். அதற்கு முன், இந்தக் கருத்து எங்கே பிறந்தது என்று பார்த்துவிடலாம்.

அமெரிக்காவின் 1972ஆம் ஆண்டுத் தூய நீர்ச் சட்டம், ஆலைக் குழாய், கழிவு வாய்க்கால் என்று விரல் நீட்டிக் காட்டக்கூடிய இடத்திலிருந்து ஆற்றில் விழும் கழிவுக்கு உரிமம் வேண்டும் என்றது. அந்த இடம்தான் 'பாயிண்ட்'. வயல், தெரு, புல்வெளி, கூரை எல்லாவற்றிலிருந்தும் மழையோடு சேர்ந்து வருவது 'நான்-பாயிண்ட்'. பாசனம் முடிந்து வயலிலிருந்து திரும்பும் நீருக்கு 1977இல் சட்டமே விலக்கும் கொடுத்துவிட்டது. நான்-பாயிண்ட் மாசுக்கென்று தனித் திட்டம் வந்தது 1987 திருத்தத்தில். ஆக, இது வேதியியலார் பிரித்த பிரிவு இல்லை. யாரைப் பிடித்துக் கேட்பது என்று சட்டம் எழுதியவர்கள் யோசித்ததில் வந்த பிரிவு. நம் சொல்லும் அந்தக் கேள்வியை மழுப்பக் கூடாது என்பது என் கட்சி.

> புள்ளியிலா மூல மாசு என்று நேராகவே வைத்துவிடலாம். எதற்கு இவ்வளவு யோசனை?

புள்ளி என்றால் எனக்கு மெய்யெழுத்தும் கோலமும்தான் கண்ணில் வருகின்றன. 'மூலம்' இன்னும் சிக்கல். ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று 'பன்மூல மாசு' என்று சொல்லிப் பாருங்கள், நல்ல சித்த வைத்தியர் ஒருவரின் முகவரி கிடைக்கும்.

> 'ஊற்றறியா மாசு' கேட்கவே அழகாக இருக்கிறது. சங்கத் தமிழின் சாயல்.

அழகுதான் ஐயா, மறுக்கவில்லை. ஆனால் சொல்வது உண்மையில்லை. யாழ்ப்பாணத்து வலிகாமத்தை எடுத்துக்கொள்வோம். ஆறு என்று சொல்ல வழுக்கியாறு ஒன்றுதான், அதுவும் மாரியில் மட்டும். மற்றபடி குடிக்க, குளிக்க, தோட்டத்துக்கு இறைக்க எல்லாமே கிணற்று நீர். மேலே செம்மண், கீழே வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றுவது அதிகம் வடிபடாமல் கீழே இறங்கிவிடும்.

அங்கே ஒரு வெங்காயத் தோட்டம். பாத்திக்கு யூரியாப் பசளை (தமிழக நண்பர்களுக்கு: உரம்) போட்டு இறைக்கிறார்கள். பயிர் எடுத்தது போக மிச்சம் நைத்திரேற்றாக மாறி (உங்களுக்கு நைட்ரேட்) நீரோடு கீழே போகிறது. இரண்டொரு நாளில் அதே கிணற்றிலிருந்து அதே நீரை மறுபடி இறைக்கிறார்கள். நீரில் ஏற்கெனவே பசளை இருக்கிறது, அதன்மேல் இன்னொரு பிடி யூரியா. வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு இறக்குமதிக்கு 1970களில் கட்டுப்பாடு வந்ததும் இந்தத் தோட்டங்களுக்கு நல்ல விலை கிடைத்தது. துலா (ஏற்றம்) போய் நீரிறைக்கும் இயந்திரம் வந்ததில் இறைப்பும் கூடியது.

இனி வீட்டுப் பக்கம். கழிவுநீர்க் குழாய் வலையமைப்பு இல்லாத ஊர்களில் ஒவ்வொரு வளவிலும் (வீட்டுமனை) ஒரு கிணறு, ஒரு மலக்குழி. வளவு பெரிதாக இருந்த காலத்தில் இரண்டும் இரண்டு மூலையில் கிடந்தன. காணி சீதனமாகவும் விற்பனையாகவும் துண்டாகி இரண்டு பரப்பு (யாழ்ப்பாணத்துக் காணி அளவை) வளவாகும்போது, நம்முடைய குழி நம் கிணற்றிலிருந்து தள்ளியே இருந்தாலும் மதிலுக்கு அந்தப் பக்கத்துக் கிணற்றுக்குக் கிட்ட வந்துவிடுகிறது. மலக்குழியிலிருந்து இறங்குவதும் கடைசியில் நைத்திரேற்றுத்தான்.

இதில் எந்த ஊற்று நமக்குத் தெரியாது? எல்லாம் தெரியும். உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 50 மில்லிகிராம், இந்திய நியமம் 45 என்று எல்லை வைத்திருப்பதும், அதைத் தாண்டிய நீரில் பால்மா (பால் பவுடர்) கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தைக்கு நீலம் பாரிக்கும் நோய் வரலாம் என்பதும் தெரியும். கொதிக்க வைத்தால் போகாது, நீர் வற்ற வற்ற இன்னும் செறியும். ஊற்று ஒன்றில்லை, ஊர் முழுக்க ஊற்று. 'அறியா' என்று பெயர் வைத்தால் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கலாம்.

> 'பரவல் மாசு' புழக்கத்தில் இருக்கிறதே. அதுவே போதாதா?

இதற்கும் வலிகாமத்திலேயே பதில் இருக்கிறது. சுன்னாகத்து எண்ணெய்க் கழிவு விவகாரம் எல்லோருக்கும் நினைவிருக்கும். மின்நிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. வழக்கு இலங்கை உச்ச நீதிமன்றம் வரை போய், நிலையத்தை நடத்திய நிறுவனம் இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்று 2019இல் தீர்ப்பானது. அந்த எண்ணெயும் ஒவ்வொரு கிணறாகப் பரவத்தான் செய்தது. ஆனால் புறப்பட்ட இடம் ஒன்று, அதனால்தான் வழக்குப் போட முடிந்தது. நைத்திரேற்று மாசுக்கு யார்மேல் வழக்குப் போடுவீர்கள்? மாசு போய்ச் சேரும் விதத்தைச் சொல்கிறது 'பரவல்'. நமக்கு வேண்டியது புறப்படும் விதம்.

'வழிந்தோடு மாசு' பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேற்பரப்பில் ஓடும் நீருக்குப் பொருந்தும், மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடாவில் சேரும் உரத்துக்கு அச்சாகப் பொருந்தும். நிலத்துக்குள் இறங்குவதை அது விட்டுவிடுகிறது.

சரி, என் சொல்: பரப்புவழி மாசு. எதிர்ப்பக்கத்து 'பாயிண்ட்' மாசுக்கு இணைச்சொல்: ஓரிட மாசு.

'பரப்பு' என்பதை எல்லோரும் விரிந்த நிலம் என்ற பொருளில் எடுத்துக்கொள்வார்கள். யாழ்ப்பாணத்தவர்களுக்கு அது காணி அளவையும்கூட, பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். 'உங்களுக்கு எத்தனை பரப்பு?' என்பது அங்கே கல்யாணப் பேச்சிலேயே வரும் கேள்வி. அந்தக் காதுக்குப் பரப்புவழி மாசு என்றால் அவரவர் காணி வழியாக வரும் மாசு. நான் தேடியது இதைத்தான்.

> 'பரப்பு' வினையாகவும் படுமே? 'மாசு பரப்பு' என்று ஏவுவது போல இருக்காதா?

கோவை நண்பர் இதை நேற்றே தனிமடலில் கேட்டுவிட்டார். 'பரப்பு மாசு' என்று வைத்திருந்தால் அந்தக் குறை இருக்கும், மேற்பரப்பு மாசோடும் குழம்பும். 'வழி' சேர்ந்ததும் இரண்டும் நீங்குகின்றன. 'குழாய்வழி' என்று இணைச்சொல் வைக்கலாம் என்றார் அவர். திறந்த வாய்க்காலும் ஆழ்துளையில் கழிவை இறக்குவதும் அதில் அடங்காதே என்று விட்டேன். 'வாய்வழி' என்றால் மாத்திரை விழுங்குவதாகிவிடும்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: "வலிகாமத்தில் பரப்புவழி நைத்திரேற்றுக்கு வேளாண்மையும் மலக்குழிகளும் காரணம்." "ஓரிட மாசை உரிமத்தால் கட்டுப்படுத்தலாம். பரப்புவழி மாசுக்குப் பசளையின் அளவையும் நேரத்தையும் மாற்ற வேண்டும்." நாக்கு இடறவில்லை.

ஒரு முடிச்சு மட்டும் அவிழவில்லை. சென்னை மாதிரி நகரத்தை எடுங்கள். மண்தரை குறைந்து சிமெண்டும் தாரும் கூட, முதல் மழை தெருவிலுள்ள எண்ணெய், டயர்த் தூள், நாய்க் கழிவு எல்லாவற்றையும் வாரிக்கொண்டு மழைநீர் வடிகாலில் இறங்குகிறது. புறப்பட்டது ஆயிரம் தெருக்களில். ஆனால் அடையாற்றிலோ கூவத்திலோ விழும்போது ஒரே வாய், விரல் நீட்டிக் காட்டலாம். அமெரிக்கர்கள் 1987க்குப் பிறகு பெருநகர வடிகாலை உரிமப் பட்டியலுக்குள் கொண்டுவந்து, அதற்கு மாநகராட்சியைப் பொறுப்பாக்கினார்கள். அறிவியலில் பரப்புவழி, சட்டத்தில் ஓரிடம். இதற்குத் தனிச்சொல் வேண்டுமா, 'வடிகால்சேர் பரப்புவழி மாசு' என்று நீட்டினால் போதுமா? எனக்கு நீளம் பிடிக்கவில்லை. வடிகால் வேலையில் இருக்கும் பொறியாளர்கள் இரண்டு பேராவது இந்தக் குழுமத்தில் உண்டு. வேலைத்தளத்தில் அதை என்ன சொல்லி அழைக்கிறார்கள் என்று எழுதினால், கலைச்சொல் பட்டியலில் ஏற்றுவதற்கு முன் சேர்த்துக்கொள்வேன்.

அன்புடன்.