புதுப்பிப்பு: பிளைத் தேர்தலில் சுண்டியது நாணயம் இல்லை

வாக்கு சமமாக விழுந்தால் இங்கிலாந்தில் என்ன செய்வார்கள் என்று போன வாரம் எழுதியபோது, பிளைத் நகரில் நாணயம் சுண்டி முடிவு செய்தார்கள் என்று சொல்லியிருந்தேன். அது தப்பு. குச்சி இழுத்தார்கள். சுட்டிக்காட்டிய நண்பருக்கு நன்றி.

நடந்தது இதுதான். 2017 மே மாதம், பிளைத் அடங்கிய நார்த்தம்பர்லாந்து கவுன்சிலுக்கு, அதாவது அங்குள்ள உள்ளாட்சி மன்றத்துக்குத் தேர்தல். தெற்கு பிளைத் வார்டில் கன்சர்வேட்டிவ் வேட்பாளருக்கும் லிபரல் டெமாக்ரட் வேட்பாளருக்கும் ஆளுக்கு 356 வாக்குகள். இரண்டு முறை திரும்ப எண்ணியும் ஒரு ஓட்டுகூட நகரவில்லை. கடைசியில் இருவரும் ஆளுக்கொரு குச்சி இழுக்க, நீளமானது லிபரல் டெமாக்ரட் கையில் வந்தது; அவரே வென்றார்.

ஒரு வார்டுதானே என்று விட்டுவிட முடியாது. மொத்த இடங்கள் 67, பெரும்பான்மைக்கு 34 வேண்டும். கன்சர்வேட்டிவ் கட்சி 33-இல் நின்றுபோனது! அந்தக் குச்சி மட்டும் மாறியிருந்தால் கவுன்சில் முழுசாக அவர்கள் கைக்குப் போயிருக்கும். அப்புறம் சிறுபான்மை நிர்வாகமாகத்தான் பொறுப்பேற்றார்கள்.

மறுதேர்தல் ஏன் வைக்கவில்லை என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். அங்கே விதியே அப்படித்தான். சமநிலை வந்தால் தேர்தல் அதிகாரி உடனே குலுக்கல் முறையில் தீர்க்க வேண்டும். யாருக்கு விழுகிறதோ அவருக்கு ஒரு ஓட்டு கூடுதலாகக் கிடைத்ததாகக் கணக்கு. நாணயமா, சீட்டா, குச்சியா என்பது அதிகாரியின் விருப்பம். நான் குழம்பியதும் அதனால்தான்.

பழைய பதிவைத் திருத்திவிட்டேன்.