தூத்துக்குடியிலிருந்து ரிட்டர்ன் லோடு பிடிக்க வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஆறு மாதத்துக்கு முன் பழைய பத்துச் சக்கர லாரி ஒன்று வாங்கினேன். நேஷனல் பெர்மிட் இல்லை, தமிழ்நாட்டுக்குள் மட்டும்தான் ஓட்டம். நாமக்கல்லில் ஏற்றித் தூத்துக்குடி துறைமுகத்தில் இறக்குவதில் சிக்கலில்லை. திரும்பும்போதுதான் பாடு. உப்பு, உரம், நிலக்கரி என்று தினமும் அங்கிருந்து வண்டிகள் கிளம்புகின்றன. எனக்கு மட்டும் இரண்டு நாள் காத்திருப்பு. காலியாக வந்தால் டீசலும் டோலும் போன வாடகையைத் தின்றுவிடும்.

வண்டியும் சரக்கும் சேர்த்து மொத்த எடை, சட்டம் அனுமதிக்கும் 28.5 டன்னுக்கு மேல் ஏற்ற மாட்டேன் என்கிறேன். அதனால்தான் ஒதுக்குகிறார்களோ என்று ஒரு சந்தேகம்.

போன மாதம் ஒரு புக்கிங் ஆபீஸில் லோடு கிடைத்தது. சரக்கு இறக்கியதற்குக் கையெழுத்து வாங்கிய எல்ஆர் (லாரி ரசீது) காப்பியைக் கொடுத்தும் பாக்கி வாடகை வரவில்லை. சரி, அது என் அனுபவக் குறைவு.

புரோக்கர் இல்லாமல் உப்பளக்காரர்களிடம் நேரடியாகப் பேச முடியுமா? கமிஷன் எவ்வளவு நியாயம்? அப்புறம், இ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டு) 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்தான் செல்லும். துறைமுக வாசல் வரிசையிலேயே அது முடிந்துவிட்டால் நீட்டிப்பது நானா, சரக்கு அனுப்பியவரா? இந்த ரூட்டில் ஓட்டுபவர்கள் யாராவது சொல்லுங்கள், அண்ணே.