கார்பன் தடத்தைத் தீர்மானிப்பது பணமா, பழக்கமா?

செங்கதிர்:
விளக்கை அணை, பல்பை மாற்று, குப்பையைப் பிரித்துப் போடு என்ற அறிவுரையை எல்லோருக்கும் ஒரே அளவில் சொல்லிக்கொண்டிருப்பதை நிறுத்த வேண்டும். சர்வதேச எரிசக்தி முகமை 2021ஆம் ஆண்டுக்குப் போட்ட கணக்கைப் பாருங்கள். ஒருவர் வாழ்வதற்காக எரியும் எரிசக்தியால் வரும் கரியமில வாயு, அதாவது அவருடைய கார்பன் தடம், உலக சராசரியில் ஆளுக்கு வருடம் 4.7 டன். அதிகம் உமிழும் மேல் 10 சதவீதம் பேருக்குச் சராசரி 22 டன், உச்சியில் இருக்கும் 1 சதவீதம் பேருக்கு 50 டன்னுக்கும் மேல். கீழே இருக்கும் 10 சதவீதம் பேர், அதாவது கிட்டத்தட்ட எண்பது கோடி மனிதர்கள், எல்லோரும் சேர்ந்து மொத்தத்தில் வெறும் 0.2 சதவீதம். இவ்வளவு பெரிய இடைவெளியை வைத்துக்கொண்டு "நாம் எல்லோரும் பொறுப்பு" என்று பேசுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. பல்பு விஷயத்துக்கே வருவோம். 9 வாட் எல்இடி ஒன்று தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் வருடத்துக்குப் பதினாறு யூனிட்தான் ஆகும், அது முழுக்க நிலக்கரி மின்சாரம் என்றாலும் பதினாறு கிலோ கரியமில வாயுவைத் தாண்டாது. அட்லாண்டிக்கைக் கடந்து ஒருமுறை விமானத்தில் போய்வந்தால் சுமார் 1.6 டன். அந்த ஒரு பயணத்தை ஈடுகட்ட அந்தப் பல்பை நூறு வருடம் ஏற்றாமல் இருக்க வேண்டும். யாரிடம் எதைக் கேட்கிறோம் என்று கொஞ்சம் யோசியுங்கள்.

மின்கம்பி:
எண்கள் சரி, அதிலிருந்து நீங்கள் வந்து சேரும் இடம்தான் சரியில்லை. நான் மின் கட்டமைப்பில் வேலை செய்கிறவன், அதனால் என் கண்ணுக்கு முதலில் படுவது கம்பியின் மறுமுனையில் என்ன எரிகிறது என்பதுதான். அமெரிக்காவும் பணக்கார நாடு, பிரான்சும் பணக்கார நாடு. அமெரிக்காவில் தலைக்குச் சுமார் 14 டன், பிரான்சில் ஐந்து டன்னுக்கும் கீழே. பிரெஞ்சுக்காரர்கள் ஏழைகளாக வாழவில்லையே. அவர்கள் மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்கு அணுவிலிருந்து வருகிறது, ஊர்கள் நெருக்கமாக இருக்கின்றன, ரயில் ஓடுகிறது. இன்னொன்றும் சொல்கிறேன். 2020இல் உலகமே வீட்டுக்குள் முடங்கியது, விமானங்கள் தரையில் நின்றன, சாலைகள் காலியாகக் கிடந்தன. அத்தனைக்கும் அந்த வருடம் உமிழ்வில் ஏற்பட்ட குறைவு 5 சதவீதத்துக்குச் சற்று மேல்தான். மனிதர்கள் அப்படி ஒடுங்கிப் போனபோதே இவ்வளவுதான் என்றால், மீதி அனல்மின் நிலையத்திலும் இரும்பு உருக்கும் உலையிலும் சிமெண்ட் சூளையிலும் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? தனி மனிதரின் பழக்கத்தைத் துரத்துவது தப்பான மரத்தில் ஏறுவது.

செங்கதிர்:
அந்த 14, 5 எல்லாம் எல்லைக்குள் எரிந்ததன் கணக்கு. வெளியிலிருந்து வாங்கும் பொருளைச் செய்ய எரிந்ததையும் சேர்த்தால் பிரான்சின் எண் ஏறும். தவிர, நாட்டுச் சராசரி உள்ளே இருக்கும் வித்தியாசத்தை மறைத்துவிடும். பிரான்சிலும் மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் ஒரே தடம் கிடையாது.

மீட்டர்காரன்:
வீடுகளில் எரிசக்தித் தணிக்கை செய்வது என் தொழில். அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பெரிய வீடு ஒன்று. சொந்தக்காரர்கள் வருடத்தில் பாதி நாள் இருப்பதில்லை, ஆனால் பில் குறையவில்லை என்று கூப்பிட்டார்கள். வீட்டில் யாரும் இல்லாதபோது போய் மெயின் பலகையில் கிளாம்ப் மீட்டரைப் போட்டேன். ஒரு விளக்குகூட எரியவில்லை, ஆனால் ஐந்நூறு வாட் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சுவிட்சாக இறக்கிப் பார்த்தேன். நீச்சல் குளத்து பம்ப். கார் நிறுத்தும் இடத்தில் ஒரு பழைய ஃபிரிட்ஜ், உள்ளே சில தண்ணீர் பாட்டில் மட்டும். கேமராக்களும் அவற்றின் பதிவுக் கருவியும். குளியலறைத் தரையைச் சூடாக வைக்கும் கம்பி. குழாயைத் திறந்ததும் வெந்நீர் வர வேண்டும் என்பதற்காக இருபத்து நான்கு மணி நேரமும் வெந்நீரைச் சுற்றவிடும் சின்ன மோட்டார். எதுவும் பழுதில்லை, எல்லாம் வாங்கினபடியே வேலை செய்கின்றன. ஐந்நூறு வாட் என்றால் ஒரு நாளைக்கு 12 யூனிட், வருடத்துக்கு 4380 யூனிட். நிலக்கரி மின்சாரமானால் அது நான்கு டன்னுக்கும் மேல். யாருமே இல்லாத வீடு, உலகத்து சராசரி மனிதர் ஒருவரின் முழு வருடத் தடத்தை ஏறக்குறைய எட்டிவிடுகிறது!

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, அந்த வீட்டுக்காரர்கள் பொறுப்பில்லாதவர்கள் அல்ல. குப்பையை ஒழுங்காகப் பிரிப்பார்கள், துணிப்பை வைத்திருப்பார்கள், சுற்றுச்சூழல் பற்றி மனதாரக் கவலைப்படுவார்கள். ஜெர்மனியில் ஆயிரம் பேருக்கு மேல் விசாரித்து 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைத்தான் சொன்னது: தன்னைச் சுற்றுச்சூழல் ஆர்வலராக நினைக்கிறவர்கள் சின்னச் சின்ன விஷயங்களில் நன்றாக நடந்துகொள்கிறார்கள், ஆனால் மொத்த எரிசக்திப் பயன்பாட்டைத் தீர்மானிப்பதில் வருமானம்தான் முன்னால் நிற்கிறது. வீடு பெரிதாகிறது, பயணம் நீளுகிறது, பொருள் கூடுகிறது. மனசு நல்லதாக இருந்தாலும் மீட்டர் அதைப் பார்ப்பதில்லை.

மின்கம்பி:
மீட்டர்காரன், நீங்கள் சொன்ன உதாரணத்தையே எடுத்துக்கொள்கிறேன். அதே 4380 யூனிட் நீர்மின்சாரமாகவோ அணுமின்சாரமாகவோ வந்திருந்தால் சில நூறு கிலோவைத் தாண்டாது. வீடு மாறவில்லை, ஆள் மாறவில்லை, குளத்து பம்ப்கூட மாறவில்லை. தடம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. பிரிட்டன் தன் கடைசி நிலக்கரி மின் நிலையத்தை 2024 செப்டம்பரில் மூடியது. அதற்காக எந்தப் பணக்காரரின் வாழ்க்கைமுறையையும் யாரும் மாற்றவில்லையே.

மீட்டர்காரன்:
மின்சாரத்துக்கு அது பொருந்தும், ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. விமானத்துக்கு என்ன செய்வீர்கள்? ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் மூன்று கிலோவுக்கு மேல் கரியமில வாயு. அதற்குக் கம்பி இழுக்க முடியாது.

அருவி:
நான் கொஞ்சம் வேறு மாதிரி பேசப் போகிறேன், கோபப்படாதீர்கள். "மேல் 10 சதவீதம்" என்றதும் எல்லோரும் மனதுக்குள் தனி விமானக்காரரை நினைத்துக்கொள்கிறீர்கள். அது 78 கோடிப் பேர்! அதில் மாளிகையில் வாழ்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான், பெரும்பாலானவர்கள் மாதச் சம்பளக்காரர்கள். கார் வைத்திருக்கிறார்கள், ஏசியோ ஹீட்டரோ ஓடுகிறது, வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை விமானம் ஏறுகிறார்கள். இந்தத் திரியைப் படிக்கிறவர்களில் பலர் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள் என்றே நினைக்கிறேன். நமக்கு மேலே ஒருவர் எப்போதும் இருப்பார், அவரைக் காட்டிக்கொண்டே இருந்தால் நாம் எதையும் விட வேண்டியதில்லை. கார் இல்லாமல் வாழ்ந்தால் வருடத்துக்குச் சுமார் 2.4 டன் மிச்சம், இறைச்சியும் பாலும் முட்டையும் இல்லாமல் சாப்பிட்டால் 0.8 டன் மிச்சம் என்று 2017இல் ஓர் ஆய்வு பணக்கார நாடுகளுக்குக் கணக்குப் போட்டது. இவை நடுத்தர வர்க்கத்தின் கையில் இருக்கும் விஷயங்கள். இதைப் பேசுங்கள்.

செங்கதிர்:
கோபமில்லை அருவி, ஆனால் வரிசை முக்கியம். தனி விமானம் ஒரு மணி நேரம் பறந்தால் இரண்டு டன் வரை ஆகும். சாதாரண விமானத்தோடு ஒப்பிட்டால் பயணி ஒருவருக்கு 5 முதல் 14 மடங்கு. 2023இல் தனி விமானங்கள் மொத்தம் 156 லட்சம் டன் உமிழ்ந்தன, 2019ஐ விட 46 சதவீதம் அதிகம். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான பயணங்கள் 500 கிலோமீட்டருக்கும் குறைவான தூரம். இப்படி ஒருவர் பறக்கும்போது சம்பளக்காரரிடம் போய் காரை விடு என்று எந்த முகத்தோடு கேட்பது?

மின்கம்பி:
156 லட்சம் டன்னை உலக மொத்தத்தில் வைத்துப் பாருங்கள். மொத்தம் 3700 கோடி டன்னுக்கும் மேல். தனி விமானங்களை நாளைக்கே தடை செய்தாலும் குறைவது 0.04 சதவீதம் அளவுதான். உங்கள் ஆத்திரம் எனக்குப் புரிகிறது, ஆனால் அந்த ஆத்திரத்தைச் செலவழிக்க இதைவிடப் பெரிய இடங்கள் இருக்கின்றன.

மீட்டர்காரன்:
சரி, பெரிய இடத்துக்கே போவோம். பிரெஞ்சுப் பொருளாதார அறிஞர் லூக்கா ஷான்செல் 1990 முதல் 2019 வரையிலான கணக்கை 2022இல் வெளியிட்டார். அந்த முப்பது வருடங்களில் கூடின உமிழ்வில் உச்சி 1 சதவீதத்தின் பங்கு 23 சதவீதம், உலகின் கீழ்ப் பாதி மொத்தத்துக்கும் 16 சதவீதம். அந்த உச்சிக்காரர்களின் தடத்தில் பெரும்பகுதி அவர்கள் பறப்பதாலும் சாப்பிடுவதாலும் வருவதல்ல, அவர்களுடைய முதலீடுகளால் வருவது. எந்தச் சுரங்கம் தோண்டப்படுகிறது, எந்த அனல்மின் நிலையம் இன்னும் நாற்பது வருடம் ஓடும்படி கட்டப்படுகிறது என்பதை அந்தப் பணம்தான் முடிவு செய்கிறது. மின்கம்பி, நீங்கள் சொல்லும் கம்பியின் மறுமுனைக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார்.

அருவி:
இந்த முதலீட்டுக் கணக்கில்தான் எனக்கு நம்பிக்கை வரமாட்டேன் என்கிறது. ஓர் இரும்பு ஆலையின் புகையைப் பங்குதாரர் பெயரில் எழுதினால், அந்த இரும்பில் செய்த காரை ஓட்டுகிறவர் சுத்தமாகிவிடுகிறார். வாங்குகிறவர் பெயரில் எழுதினால் பங்குதாரர் சுத்தமாகிவிடுகிறார். இரண்டு பேர் பெயரிலும் எழுதினால் ஒரே புகையை இரண்டு தடவை எண்ணுகிறோம். ஓய்வூதிய நிதியில் பணம் போட்டிருக்கும் ஒரு செவிலியரும் பங்குதாரர்தானே, அவரை எங்கே வைப்பீர்கள்?

மீட்டர்காரன்:
செவிலியரின் பங்கு அவர் போட்ட பணத்தின் அளவுக்குத்தான், அது சின்னது. யார் பெயரில் எழுதுவது என்பது யாரால் மாற்ற முடியும் என்ற கேள்வியோடு சேர்ந்தது. காரை ஓட்டுகிறவர் ஆலையின் உலையை மாற்ற முடியாது. ஆலையில் பெரும்பங்கு வைத்திருப்பவர் ஒரு கூட்டத்தில் கை தூக்கினால் மாற்றலாம்.

தும்பை:
எல்லோரும் மேலே இருப்பவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள், கீழே பார்க்க ஆளில்லை. சுமார் 73 கோடிப் பேருக்கு இன்னும் மின்சாரமே கிடையாது. இருநூறு கோடிக்கும் மேற்பட்டவர்கள் விறகிலும் வறட்டியிலும் கரியிலும் சமைக்கிறார்கள், அந்தப் புகையைச் சுவாசித்துக்கொண்டு. இவர்களுடைய "குறைந்த கார்பன் தடத்தை" யாரோ எளிய வாழ்க்கை என்று புகழும்போது எனக்கு வயிறு எரிகிறது, அது பற்றாக்குறை. நூறு கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கடும் வறுமையிலிருந்து தூக்கிவிட்டால் உலக உமிழ்வு எவ்வளவு கூடும் தெரியுமா? 2022இல் வந்த ஆய்வின்படி இரண்டு சதவீதம் அளவுதான். அதனால் ஏழைகள் முன்னேறினால் பூமி தாங்காது என்ற பேச்சை யாரும் எடுக்க வேண்டாம்.

அடுத்தது, வரி. வெறும் எரிபொருள் வரி போட்டால் முதலில் அடிபடுவது இல்லாதவர்தான். வீட்டைச் சூடாக்குவது, விளக்கு, சமையல் எல்லாம் யாரும் விட முடியாத செலவு, வருமானம் குறையக் குறைய அதன் பங்கு கூடும். சூடு வெளியே போகாமல் தடுக்கும் காப்புப் பூச்சு சுவரில் இல்லாத வாடகை வீட்டில் இருப்பவர் சோலார் எங்கே போய் மாட்டுவார், கூரை அவருடையதா? 2018இல் பிரான்சில் எரிபொருள் வரியை எதிர்த்து மஞ்சள் சட்டைக்காரர்கள் தெருவுக்கு வந்தது இதனால்தான். ஊர் விட்டு ஊர் வேலைக்கு காரில் போக வேண்டியவர்கள் அவர்கள், பேருந்தும் கிடையாது.

மின்கம்பி:
தும்பை சொல்வதில் எனக்குச் சண்டையில்லை, அதனால்தான் கட்டமைப்பை மாற்று என்கிறேன். கட்டமைப்பு சுத்தமானால் வாடகை வீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான் சுத்தமாகும். பணக்காரர்கள் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். சோலார் பலகை விலை 2010களில் மட்டும் இறங்கி, முன்பிருந்ததில் சுமார் பத்தில் ஒரு பங்காக ஆனது. விலை உச்சத்தில் இருந்தபோது அதை வாங்கினது யார்? பணக்கார நாடுகளும் அங்கே இருந்த வசதியான வீடுகளும்தான், அரசு மானியத்தோடு. எலக்ட்ரிக் கார் கதையும் அதேதான்.

செங்கதிர்:
வாங்கினார்கள், பிறகு நிறுத்திக்கொண்டார்களா? சிக்கனமான இயந்திரம் வந்தால் நிலக்கரிச் செலவு குறையாது, கூடும் என்று ஆங்கிலப் பொருளாதார அறிஞர் ஜெவன்ஸ் 1865லேயே எழுதிவிட்டார். 2023இல் உலகத்தில் விற்ற கார்களில் 48 சதவீதம் எஸ்யூவி. என்ஜின் திறன் கூடின லாபத்தில் பெரும்பகுதியை வண்டியின் எடையும் உயரமும் தின்றுவிட்டன. சுத்தமான மின்சாரம் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் ஆளுக்கு எவ்வளவு என்ற கேள்வி அப்போதும் அப்படியே நிற்கும். பலகைக்கும் பேட்டரிக்கும் கம்பிக்கும் தாதுவும் நிலமும் வேண்டும்.

அருவி:
அப்படியானால் உங்கள் வழி என்ன? சும்மா சொல்லாமல் நடைமுறையில் சொல்லுங்கள்.

செங்கதிர்:
விமானத்திலிருந்து தொடங்குவேன். 2018இல் உலக மக்களில் சுமார் 11 சதவீதம் பேர்தான் விமானம் ஏறினார்கள், பயணிகள் விமான உமிழ்வில் பாதிக்குக் காரணம் வெறும் 1 சதவீதம் பேர். டிக்கெட்டுக்கு மேல் ஒரு கூடுதல் கட்டணம் போடலாம், வருடத்தின் முதல் பயணத்துக்கு அது வேண்டாம். இரண்டாவதுக்குக் கொஞ்சம், மூன்றாவதுக்கு அதிகம், ஐந்தாவதுக்கு வலிக்கிற அளவு. வருடத்தில் ஒரே ஒருமுறை அம்மா அப்பாவைப் பார்க்கப் போகிறவர் ஒன்றும் கட்ட வேண்டாம்.

அருவி:
கம்பெனி அனுப்பி வைக்கிற பயணம் யார் கணக்கில்?

மீட்டர்காரன்:
இருக்கையில் யார் உட்கார்ந்தாரோ அவர் எண்ணிக்கையில், பணத்தைக் கட்டுவது அனுப்பினவர். இல்லாவிட்டால் எல்லாப் பயணமும் அலுவலகப் பயணமாக மாறிவிடும். தனி விமானத்துக்கு ஆள் எண்ணிக்கையே வேண்டாம், நிரப்பின எரிபொருளுக்கு வரி. சர்வதேசப் பயணத்துக்கான விமான எரிபொருளுக்கு இன்றைக்கும் பெரும்பாலும் வரியே கிடையாது, சர்வதேச விமானப் போக்குவரத்துக்கான 1944 சிகாகோ உடன்படிக்கையிலும் அதன்பின் நாடுகள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட ஒப்பந்தங்களிலும் இருக்கும் விலக்கு அது. பேருந்துக்கு டீசல் போட்டால் வரி, விமானத்துக்கு இல்லை.

மின்கம்பி:
எரிபொருள் அளவுக்கு வரி என்றால் நானும் கையெழுத்துப் போடுகிறேன், ஆனால் ஒரு நிபந்தனை. வருகிற பணம் பொதுக் கஜானாவில் கலக்கக் கூடாது, மின்தடங்களுக்கும் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் நிலையங்களுக்கும் நேராகப் போக வேண்டும்.

தும்பை:
முழுதும் அதற்கே போகக் கூடாது. பாதியையாவது தலைக்கு இவ்வளவு என்று மக்களுக்குத் திருப்பிக் கொடுங்கள், முதலில் மின்சாரமே இல்லாத வீடுகளுக்கு இணைப்பு கொடுங்கள். பெரிய மின்தடம் வந்து சேரப் பத்து வருடம் ஆகும், அதுவரைக்கும் அவர்கள் இருட்டில் காத்திருக்க முடியாது.

மின்கம்பி:
தலைக்கு இவ்வளவு என்று கொடுத்தால் அந்தப் பணம் எதற்குச் செலவாகும் என்று யாருக்குத் தெரியும்? இணைப்புக்குக் கொடுங்கள், அதை ஒத்துக்கொள்கிறேன். ரொக்கத்துக்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

தும்பை:
எதற்குச் செலவாகும் என்று பணக்காரரிடம் யாரும் கேட்பதில்லையே, இவர்களிடம் மட்டும் ஏன் கேட்கிறீர்கள்?