புதுப்பிப்பு: அஞ்சல் சர்வரில் இருக்கும் ஆன்டிவைரஸ்

அஞ்சல் சர்வரில் போட்டிருக்கும் ஆன்டிவைரஸே வலையமைப்புக்குள் நுழையும் வழியாகிவிடுமா என்று சென்ற வாரம் கேட்டிருந்தேன். ஆகும் என்பதே விடை. 2016-இல் கூகுளின் பாதுகாப்புப் பிழை தேடும் குழுவான ப்ராஜெக்ட் ஸீரோவின் டாவிஸ் ஓர்மண்டி, சிமான்டெக் ஆன்டிவைரஸின் எஞ்சினில் (கோப்புகளைச் சோதிக்கும் மைய நிரலில்) கண்டுபிடித்த பிழை இதற்குத் தெளிவான சான்று: ஆஸ்பேக் என்னும் சுருக்கும் கருவி கொண்டு சுருக்கிய கோப்புகளைப் பிரித்துப் பார்க்கும் நிரல் விண்டோஸில் முழு உரிமையுள்ள மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே இயங்கியதால், சூழ்ச்சியாகத் தயாரித்த கோப்பு ஒன்று அஞ்சலில் வந்து சேர்ந்தாலே கணினியைக் கைப்பற்றப் போதும், பெறுபவர் அதைத் திறக்கவே வேண்டியதில்லை. மறு ஆண்டு மே மாதம் மைக்ரோசாப்ட் டிஃபெண்டரின் எஞ்சினிலும் ஏறக்குறைய இதே வகைப் பிழை வெளிவந்து, சில நாள்களிலேயே திருத்தப்பட்டது.

எங்கள் சர்வரில் நேற்றுப் பார்த்தபோது, வைரஸ் பட்டியல் அன்றாடம் புதுப்பிக்கப்பட்டிருந்தும் எஞ்சின் மட்டும் 11 மாதம் பழையதாக இருந்தது. திரையின் மூலையில் தெரிந்த பச்சைக் குறியை நம்பி இத்தனை நாள் இருந்துவிட்டோம். எஞ்சினைப் புதுப்பித்து, சோதனைப் பணியைக் குறைந்த உரிமையுள்ள தனிக் கணக்குக்கு மாற்றிவிட்டேன்.